மாயா நகர இடிபாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் மெரிடா நகரில் இரண்டரை வருஷம் வேலை பார்த்தேன். சனி, ஞாயிறு வந்தால் பஸ் பிடித்து ஏதாவது ஒரு இடிபாட்டுக்குப் போய்விடுவேன். ஊர் திரும்பிய பிறகு கல்யாண வீடு, ரயில் பெட்டி, மொட்டைமாடி என்று எங்கே உட்கார்ந்தாலும் அதே கேள்விகள். பாதிப் பேர் "மர்மம்" என்ற சொல்லோடுதான் ஆரம்பிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டுவிட்டேன்.

மாயான்னா அது ஒரு நாடா, சாம்ராஜ்யமா, இல்ல ஒரு ஜனமா?

ஜனம். ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பல மொழிகளைப் பேசியவர்கள், இன்றும் பேசுகிறவர்கள். மெக்சிகோவின் தென்கிழக்கு, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் மற்றும் எல் சால்வடோரின் மேற்கு ஓரம், இவ்வளவும் அவர்கள் பூமி.

மாயா சாம்ராஜ்யம் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு குலச் சின்னம், பக்கத்து ஊரோடு ஓயாத சண்டை அல்லது சம்பந்தம். "மாயா" என்ற பெயரே மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் வழங்கியது. மாயாப்பான் என்ற பிற்கால நகரத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது. மொத்தப் பேருக்கும் அதைப் பட்டமாகச் சூட்டியது பின்னால் வந்தவர்கள்தான்.

அஸ்டெக், இன்கா, மாயா மூணும் ஒண்ணுதானே சார்?

இல்லை. இன்கா தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையில். அஸ்டெக் மத்திய மெக்சிகோவில், கி.பி. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. அவர்கள் தலையெடுக்கும்போது பெரிய மாயா நகரங்கள் பல காடாகி நானூறு, ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டது. மெக்சிகோ சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள தியோத்திவாக்கானில் போட்டோ எடுத்துக்கொண்டு "மாயா பிரமிடு" என்று போடுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அது மாயாக்கள் கட்டியது இல்லை. ஆனால் மாயா வரலாற்றில் அந்த ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ராஜாக்கள் பற்றிய கேள்வியில் வரும்.

எவ்வளவு பழசு?

நினைப்பதைவிடப் பழசு. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் அகுவாடா பெனிக்ஸ் என்ற இடத்தில் 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கொட்டி உயர்த்திய மேடை ஒன்று இருக்கிறது. காலம் சுமார் கி.மு. 1000 முதல் 800 வரை. 2020இல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. மேலே மாட்டுத்தொழுவமும் மேய்ச்சல் நிலமுமாக இருந்ததால், மேடை என்றே யாருக்கும் தோன்றவில்லை.

குவாத்தமாலாக் காட்டுக்குள் எல் மிராடோர் என்ற நகரம் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே உச்சத்தில் இருந்தது. அங்குள்ள லா டாந்தா கோயில் அடி மேடையோடு சேர்த்து சுமார் 72 மீட்டர். குவாத்தமாலாவின் டிகால், மெக்சிகோவின் பலெங்கே, ஹோண்டுராஸின் கோபான் என்று நாம் படத்தில் பார்ப்பவை எல்லாம் கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தின் கட்டடங்கள். சிச்சேன் இட்சாவின் பெருமைக்காலம் இந்தக் காலத்தின் கடைசியில் தொடங்குகிறது. கடலோரத்து டுலும் இன்னும் பிந்தியது.

பிரமிடுன்னா எகிப்து மாதிரி கல்லறைதானே? உள்ளே யார் இருக்கா?

எகிப்துப் பிரமிடு கூராக முடியும். மாயா பிரமிடு தட்டையாக முடிந்து, உச்சியில் ஒரு கோயில் அறை இருக்கும். ஏறிப் போய் வழிபடத்தான் முன்னால் படிக்கட்டு. சிலவற்றில் அடியில் ராஜாவைப் புதைத்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் இல்லை.

புதைத்ததில் பிரசித்தமானது பலெங்கேயின் கல்வெட்டுக் கோயில். மேல் அறையின் தரையில் துளை போட்ட ஒரு பலகைக் கல்லைத் தொல்லியலாளர் ஆல்பர்ட்டோ ரூஸ் கவனித்தார். தூக்கினால் கீழே இறங்கும் படிக்கட்டு, முழுக்கக் கல்லும் மண்ணும் அடைத்து. அதைத் தோண்டி எடுக்கவே நான்கு பருவங்கள் ஆயின. 1952 ஜூனில் கதவைத் திறந்தபோது உள்ளே பாகால் மன்னர், முகத்தில் பச்சைக்கல் முகமூடியுடன். பாகால் 12 வயதில் பட்டமேறி, 68 வருஷம் ஆண்டு, 683இல் இறந்தவர். கல்லறையிலிருந்து படிக்கட்டை ஒட்டியே கல்லால் ஆன மெல்லிய குழாய் ஒன்று மேல் கோயில் வரை வருகிறது. செத்தவரோடு பேச்சு முறியாமல் இருக்க விட்ட வழி என்கிறார்கள். எனக்கு அந்தக் கோயிலில் பிடித்தது முகமூடியைவிட இந்தக் குழாய்தான்.

இன்னொன்று: மாயாக்கள் பழைய கோயிலை இடிக்க மாட்டார்கள், அதன் மேலேயே பெரிதாக ஒன்றைக் கட்டிப் போர்த்துவார்கள். சிச்சேன் இட்சாவின் பெரிய பிரமிடுக்குள் ஒரு சின்னப் பிரமிடு, அதற்குள் இன்னொன்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விகளில் தேவைப்படும்.

இரும்பு இல்ல, சக்கரம் இல்ல, மாடு இல்ல, குதிரை இல்ல. அப்புறம் எப்படிண்ணே கட்டினாங்க?

கல்லைக் கல்லால் வெட்டினார்கள். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். பூமியிலிருந்து எடுத்த புதிதில் மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும். சிக்கிமுக்கிக் கல் கோடாலியே போதும். சுமந்தவர்கள் மனிதர்கள், நெற்றியில் பட்டை கட்டி முதுகில் சுமப்பது. மலைநாட்டில் அந்தச் சுமையை இன்றும் பார்க்கலாம்.

பிரமிடு முழுக்க வெட்டிய கல் என்று நினைக்காதீர்கள். வெளித்தோல் மட்டும்தான் வெட்டுக்கல். உள்ளே கல்லும் மண்ணும் கலவையும் கொட்டி நிரப்பியது. உண்மையான செலவு சுண்ணாம்பில்தான். கல்லைச் சுட்டு, நீற்றி, அரைத்துத் தரை, சுவர், படி, முற்றம் எல்லாவற்றுக்கும் காரை பூசினார்கள். சாலைக்கும் பூசினார்கள். அதனால்தான் அவற்றுக்கு "சாக்பே", வெள்ளைச் சாலை என்று பெயர். கோபா நகரத்திலிருந்து யாஷுனா வரை போகும் சாக்பே சுமார் 100 கிலோமீட்டர். சுண்ணாம்பு சுட விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். இதுவும் பின்னால் வரும்.

பெருங்கல்லை நகர்த்தவே இல்லையா என்றால், நகர்த்தினார்கள். கிரிகுவா நகரத்தில் 771இல் நட்ட கல்வெட்டுத் தூண் ஒன்று 10 மீட்டருக்கும் மேல் நீளம், ஒரே கல். கயிறு, உருட்டுக் கட்டை, ஆள் பலம், இவ்வளவுதான் கையில்.

சக்கரம் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தில் சக்கரம் வைத்த மண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. இழுக்க மிருகம் இல்லாத சதுப்புக் காட்டில் வண்டி செய்து என்ன பண்ணுவது?

வெளியில மலை மாதிரி இருக்கு, உள்ள போனா ஏன் சந்து மாதிரி இருக்கு?

வளைவுக்கல் முறை அவர்களிடம் இல்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ் வரியைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி வைத்துக்கொண்டே போய், உச்சியில் மிஞ்சிய இடைவெளியை ஒரு மூடுகல்லால் அடைப்பார்கள். இதில் அகலம் கூடினால் கூரை உள்ளே விழும். அதனால் அறை நீளமாகப் போகலாம், அகலமாக முடியாது. சுவரும் பயங்கரத் தடிமன்.

இதிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டியவர்கள் பலெங்கேகாரர்கள். இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைத்து நடுச்சுவரைப் பொதுவாக்கி, கூரையின் வெளிப்பக்கத்தைச் சரிவாக்கி எடையைக் குறைத்தார்கள். அங்கே நின்றால் மூச்சு முட்டாது. டிகாலில் நேர் எதிர்: கோயில் அறை சின்னது, ஆனால் கூரைக்கு மேல் கொண்டை மாதிரி ஒரு பெருஞ்சுவர். தூரத்திலிருந்து பார்க்கக் கட்டியது. நான்காம் எண் கோயில் அந்தக் கொண்டையோடு சுமார் 65 மீட்டர்.

ஒன்று சொல்ல வேண்டும். ஊர் ஜனம் இந்தக் கல் அறைகளில் வாழவில்லை. மண் சுவர், கூரை வேய்ந்த குடிசைதான். எல் சால்வடோரில் ஜோயா தே செரேன் என்ற கிராமம் சுமார் 1,400 வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் அப்படியே மூடிப்போனது. 1976இல் புல்டோசர் ஓட்டும்போது வெளிப்பட்டது. பாத்திரத்தில் அவரை விதை, தோட்டத்தில் மரவள்ளி வரிசை. ஆள் உடல் ஒன்றுகூட இல்லை, தப்பி ஓடியிருக்கிறார்கள்.

அப்பவும் இப்படிச் சாம்பல் நிறமாத்தான் இருந்ததா?

இல்லவே இல்லை. சுதை பூசி, மேலே சிவப்பு அடித்து, பச்சை, மஞ்சள் தீட்டி ஜொலித்தது. கோபானில் 16ஆம் எண் கோயிலுக்குள் 1989இல் ஒரு முழுக் கோயில் அகப்பட்டது. ரோசலிலா என்று பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன போர்த்துக் கட்டும் பழக்கத்தால் சுதை உருவங்கள், வண்ணம் எல்லாம் அழியாமல் இருந்தன. அதே அளவில் நகல் செய்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குக் கண் கூசும்.

சாயத்தின் விலையை வேறொரு இடத்தில் கொடுத்தார்கள். அடுத்த பதிலைப் பாருங்கள்.

காட்டு நடுவுல ஆறும் இல்ல. தண்ணிக்கு எங்க போனாங்க?

வடக்கு யுகட்டானில் ஆறே மேலே ஓடாது. மழை நீர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். பாறை உள்வாங்கிய இடத்தில் கிணறு போல நீர் தெரியும், அதுதான் செனோட்டே. சிச்சேன் இட்சா என்றாலே "இட்சாக்களின் கிணற்று வாய்" என்று அர்த்தம். ஊஷ்மல் நகரத்தின் பக்கம் செனோட்டேயும் கிடையாது. அங்கே தரையைக் குடைந்து, காரை பூசி, பாட்டில் வடிவத்தில் மழைநீர்த் தொட்டி செய்தார்கள். சுல்துன் என்பார்கள். மழைச்சாமி சாக்கின் நீள மூக்கு முகம் ஊஷ்மல் சுவரெங்கும் அடுக்கியிருப்பதன் காரணம் இப்போது புரியும்.

டிகாலில் முற்றங்கள் எல்லாம் காரை பூசிய சரிவுகள். மழை வழிந்து ஏரிகளில் சேரும். ஓர் ஏரியில் படிகமணலும் சியோலைட் கனிமமும் வைத்து நீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு அரண்மனையை ஒட்டிய ஏரிகளின் வண்டலில் பாதரசமும் நச்சுப் பாசியும் கண்டது. பாதரசம் எங்கிருந்து? சுவரில் அடித்த சிவப்பு, பாதரசம் கலந்த சாதிலிங்கம். மழை அதைக் கழுவி ராஜா வீட்டுக் குடிநீரில் சேர்த்திருக்கிறது.

சிச்சேன் இட்சா பிரமிடுல பாம்பு இறங்கி வருமாமே, நிஜமா?

நிழல் நிஜம். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, சாயங்காலம் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோண வெளிச்சங்கள் வரிசையாக விழும். கீழே கல்லில் பாம்புத் தலை. நெளிந்து இறங்குவது போலவே இருக்கும். ஆனால் அந்த ஒரே நாள்தான் என்பது இல்லை, முன்னும் பின்னும் பல நாட்கள் தெரியும். நான் மார்ச் 27இல் போனேன், கூட்டமில்லாமல் நன்றாகவே பார்த்தேன்.

படிக்கட்டுக்கு 91 வீதம் நான்கு பக்கம், மேல் படி ஒன்று, ஆக 365. இது அவர்களுடைய ஆண்டுக் கணக்கோடு பொருந்துகிறது. இரண்டு பக்கப் படிகள் 20ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவை என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று கை தட்டிப் பாருங்கள், படிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி பறவைக் கீச்சு மாதிரி கேட்கும். ஏற விடமாட்டார்கள்.

அந்தப் பொம்மை எழுத்தை யாராவது படிச்சிருக்காங்களா, இல்ல சும்மா ஊகமா?

படிக்கிறார்கள். பெரும்பகுதி படித்தாகிவிட்டது. நான் பார்த்தவரை நம்மவர்களுக்கு இது யாரையும்விடச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் அடிப்படை நம் உயிர்மெய் போன்ற அசை எழுத்து. பா, ல, ம மூன்று எழுத்தையும் கூட்டினால் "பாலம்" என்று படிக்க வேண்டும், கடைசி அகரம் ஒலிக்காது. அர்த்தம் ஜாகுவார். அதையே ஜாகுவார் தலையாக ஒற்றைச் சித்திரத்திலும் எழுதலாம். எழுதுபவர் இஷ்டம்.

இந்தக் கதையில் வில்லனும் சாவி கொடுத்தவரும் ஒரே ஆள். தியேகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1562இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் குவித்து எரித்தார். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே ஏடுகள். அதே லாந்தா, பின்னால் ஒரு மாயாக்காரரை உட்காரவைத்து "உங்கள் அகரவரிசையை எழுது" என்றார். ஸ்பானிய எழுத்தின் பெயராக "பே" என்று இவர் சொன்னால், அவர் தம் மொழியில் "பே" என்ற அசைக்குரிய பாதச்சுவட்டை வரைந்துவிட்டார். பே என்றால் பாதை. சாக்பேயில் வருகிற அதே பே. குழப்பம் என்று நெடுங்காலம் ஒதுக்கிய அந்தப் பட்டியல் அசைகளின் பட்டியல் என்று 1952இல் சொன்னவர் சோவியத் அறிஞர் யூரி க்னோரொசோவ். அப்போது அவர் ஒரு மாயா நகரத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.

1960இல் தாத்தியானா புரோஸ்கூரியாகோவ் கல்வெட்டுகளின் தேதிகளைக் கூட்டிக் கழித்து, இவை பிறப்பு, பட்டாபிஷேகம், மரணம் பற்றியவை என்று காட்டினார். அதுவரை நட்சத்திரம் எண்ணும் சாமியார்கள் என்று நினைத்திருந்த ஜனம், ஒரே நாளில் ராஜா-ராணி-சண்டை உள்ள ஜனமாயிற்று.

அப்போ ராஜாக்கள் பேரெல்லாம் தெரியுமா?

பேர், தேதி, யார் யாரைப் பிடித்தார் என்பது வரை. டிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 378 ஜனவரி 16 அன்று சியாஹ் கக் என்பவர் மேற்கிலிருந்து வந்து சேர்கிறார். அதே நாளில் டிகால் ராஜா சாகிறார். அடுத்த ராஜா தியோத்திவாக்கான் பாணி உடையில் சிற்பத்தில் நிற்கிறார். என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எதிரி நகரம் கலக்முல், பாம்புச் சின்னக்காரர்கள். 562இல் டிகால் தோற்றது. அதன்பின் சுமார் 130 வருஷம் அங்கே ஒரு கல்வெட்டுத் தூண் எழவில்லை. 695இல் ஹசாவ் சான் கவீல் கலக்முல்லை முறியடித்தார். டிகாலின் முதலாம் எண் கோயில், 47 மீட்டர், அவர் சமாதிமேல்தான் நிற்கிறது.

கோபானில் கதை இன்னும் கசப்பு. 738இல் அதன் பெரிய ராஜா வஷக்லாஹுன் உபாஹ் கவீலை, அவர் கையாலேயே பட்டம் வாங்கிய கிரிகுவா சிற்றரசன் பிடித்துத் தலையை வெட்டினான். மேலே சொன்ன 10 மீட்டர் தூண் அந்தச் சிற்றரசன் நட்டது. மானம் போன கோபான் பிற்பாடு சுமார் 2,200 எழுத்துகள் செதுக்கிய பெரும் படிக்கட்டைக் கட்டி முடித்துத் தன் குலப்பெருமையை எழுதியது. அது சரிந்து விழ, 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டியவர்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாததால் மேற்படிகள் பலவற்றின் வரிசை கலைந்துவிட்டது.

நரபலி கொடுத்தாங்களா?

கொடுத்தார்கள். பிடிபட்ட எதிரி ராஜாக்கள் மேலே பார்த்ததுபோல. போனாம்பாக் நகரத்தின் 8ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் கைதிகள் விரல்களில் ரத்தம் சொட்ட உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ராஜாவும் ராணியும் தங்கள் நாக்கையும் உடலையும் குத்தி ரத்தம் விட்டிருக்கிறார்கள்.

"கன்னிப் பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள்" என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை மட்டும் வேண்டாம். சிச்சேன் இட்சாவின் புனிதக் கிணற்றில் கிடைத்த எலும்புகளில் ஆண்களும் குழந்தைகளும் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு சுல்துனில் கிடைத்த 64 பேரின் மரபணுவைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள்: அத்தனையும் சிறுவர்கள், இரண்டு ஜோடி இரட்டையர் உட்பட.

பலெங்கே மூடியில ராக்கெட் ஓட்டுற ஆள் இருக்காரே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பாகாலின் கல் சவப்பெட்டி மூடியில் செதுக்கிய படத்தைக் குறுக்கே திருப்பிப் பார்த்தால்தான் ராக்கெட். நிமிர்த்தி வையுங்கள். கீழே பாதாளத்தின் திறந்த வாய், நடுவில் சாய்ந்த நிலையில் பாகால், அவர் மேல் எழும் உலக மரம், உச்சியில் பறவை. இதே மரம், இதே பறவை பக்கத்துக் கோயில் பலகையிலும் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் தேதிகளும் பெயர்களும் எழுதியிருக்கிறது, படிக்கவும் முடிகிறது.

2012ல உலகம் அழியும்னு சொன்னவங்க இவங்கதானே?

சொல்லவில்லை. நாட்களை எண்ணும் அவர்களுடைய நெடுங்கணக்கு கி.மு. 3114 ஆகஸ்டில் தொடங்குகிறது. 2012 டிசம்பர் 21 அன்று அதன் 13ஆவது பெருஞ்சுற்று முடிந்து அடுத்த நாள் வந்தது, வண்டி மீட்டர் திரும்புவது மாதிரி. பலெங்கே கல்வெட்டு ஒன்று கி.பி. 4772இல் வரும் ஒரு விழாவையே குறிக்கிறது.

சரி, எல்லாரும் திடீர்னு எங்க காணாமப் போனாங்க?

திடீரென்றும் இல்லை, காணாமலும் போகவில்லை. தெற்கு நகரங்களில் 8ஆம் நூற்றாண்டுக் கடைசி முதல் நூறு, நூற்றைம்பது வருஷத்தில் ராஜாங்கம் நின்றது. கோபானில் 822இல் தொடங்கிய ஒரு பலிபீடக் கல் ஒரு முகம் மட்டும் செதுக்கி, பாதியில் நிற்கிறது. டிகாலின் கடைசித் தேதி 869. நெடுங்கணக்கில் எழுதிய கடைசித் தேதி டோனினாவில், 909.

காரணம் ஒன்றல்ல. ஏரி வண்டலும் குகைக் கல்லும் அந்தக் காலத்தில் அடுத்தடுத்து வறட்சி வந்ததைக் காட்டுகின்றன. ஏரியை நம்பிய ஊருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதன் மேல் ஓயாத போர், சுண்ணாம்புக்கும் வயலுக்கும் வெட்டிய காடு, கூடிப்போன ஜனத்தொகை. "மழை கொண்டுவருவேன்" என்று பட்டம் கட்டிக்கொண்ட ராஜாவிடம் ஜனம் நம்பிக்கை இழந்ததுதான் கடைசி அடி என்பது என் அபிப்பிராயம். வறட்சியை மட்டும் காரணமாக்கினால், அதைவிட நீர் குறைந்த வடக்கில் ஊஷ்மலும் சிச்சேன் இட்சாவும் அதே சமயம் செழித்ததை எப்படி விளக்குவது?

ஜனங்கள் இருக்கிறார்கள், அறுபது லட்சத்துக்கும் மேல். மெரிடாவில் எனக்குச் சோளத் தோசை விற்ற அம்மா வீட்டில் பேசுவது மாயாதான். கோபானைச் சுற்றியுள்ள சோர்த்தி மொழி அந்தக் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய சொந்தம்.

இன்னும் காட்டுக்குள்ள புதுசு புதுசா நகரம் கண்டுபிடிக்கிறாங்களாமே?

விமானத்திலிருந்து லேசர் அடித்து, மரத்தைக் கழித்துத் தரையை மட்டும் பார்க்கும் லைடார் முறை. 2018இல் குவாத்தமாலாவில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டரில் 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்களைக் காட்டியது. 2024இல் மெக்சிகோவின் கம்பேச்சே மாநிலத்தில் வலேரியானா என்று பெயரிட்ட நகரம் வெளிப்பட்டது. அதற்கு யாரும் விமானம்கூட ஏறவில்லை. காடு அளப்பதற்காக வேறு யாரோ எடுத்து இணையத்தில் கிடந்த தரவில் ஓர் ஆய்வு மாணவர் கண்டுபிடித்தார்.

நம்ம மயன்தானே மாமா அங்க போய்க் கட்டினது? பேரே மாயன்!

இதைக் கேட்காத கல்யாண வீடு இல்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். டிகாலைக் கட்டியவர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள் இல்லை. பாண்டவர்களுக்குச் சபை கட்டிய மயனுக்கும் அதற்கும் ஓசை மட்டுமே ஒற்றுமை.

வெளியிலிருந்து ஒரு ஸ்தபதி வந்து சொல்லிக் கொடுத்திருந்தால், முழுதாய் வளர்ந்த கலை திடீரென்று முளைத்திருக்கும். அங்கே அப்படி இல்லை. பிரமிடைத் தோண்டினால் உள்ளே சின்னப் பிரமிடு, அதற்குள் மேடை, அடியில் குடிசைத் தரை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அவர்களே தடுமாறிக் கற்றது அடுக்கடுக்காகத் தெரிகிறது. போனவர் நெல்லையும் இரும்பையும் மாட்டையும் விட்டுவிட்டா போயிருப்பார்? கல்லை வரிக்கு வரி நீட்டிக் கூரை மூடுவது நம் கோயில்களிலும் உண்டுதான். வளைவு கட்டாமல் கல்லில் கூரை போட நினைக்கும் எவருக்கும் வேறு வழி அதிகம் இல்லை.

யானைத் தும்பிக்கை என்று ஊஷ்மலைக் காட்டுவார்கள்: அது சாக்கின் மூக்கு. கோபான் தூணில் யானை என்பார்கள்: அது மக்காவ் கிளியின் அலகு.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா எது?

டிகால். கூட்டம் சிச்சேன் இட்சாவுக்குப் போகட்டும். டிகாலில் பூங்காவுக்குள்ளேயே தங்கி, இருட்டோடு எழுந்து நான்காம் எண் கோயிலின் மரப்படியில் ஏறி உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, ஊளைக் குரங்குகளின் உறுமல் மட்டும் கேட்கும். சிங்கம் என்று பயப்பட வேண்டாம். பனி விலகும்போது மரங்களுக்கு மேல் அந்தக் கல் கொண்டைகள் ஒவ்வொன்றாக வெளிவரும்.

விமானம் இறங்குவது புளோரஸ் ஊருக்குப் பக்கத்தில். புளோரஸ், ஏரிக்குள் ஒரு தீவு. ஓட்டலும் காபிக்கடையுமாக இருக்கும். அந்தத் தீவுதான் நோஹ்பெத்தேன், கடைசி மாயா ராஜ்யத்தின் தலைநகரம். கொலம்பஸ் வந்து இருநூறு வருஷம் கழித்து, 1697 மார்ச் 13 வரை ஸ்பானியர் கைக்குப் போகாமல் இருந்தது. அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் தீவை ஒரு சுற்று நடந்து வாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.